மஞ்சள் பிரதி

அன்புள்ள எதிர்மேசைக்கு,

இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். பதில் எழுதித்தான் தெரியவேண்டும் என்றில்லை. பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர் ஆகிவிட்டாய், உனக்கென்று தனி அறை, கதவில் பெயர்ப்பலகை, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் என்று நம் பதிப்பக முதலாளி சொன்னார். ரொம்பச் சந்தோஷம்.

உன்னை இந்தப் பெயரில் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், அந்த ரப்பர் வாடைக்கு நடுவே பதினோரு வருஷம் என் மேசைக்கு எதிரே உன் மேசை. வீட்டுக்குப் போனால் எதிர்மேசை இன்று இப்படிச் சொன்னாள், எதிர்மேசை அப்படிச் சிரித்தாள் என்று உன் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருப்பேன். கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரரும் உன்னை அப்படியே சொல்ல ஆரம்பித்தார். நீ என்னை அக்கா என்றாய். கூடப் பிறந்தவள் இல்லையே என்ற குறையை நான் உன்னை வைத்துத்தான் தீர்த்துக்கொண்டேன்.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது முழங்கால் மடங்கமாட்டேன் என்கிறது. மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இன்னும் கல்யாணத்துக்குப் பிடிகொடுக்கவில்லை. சமையலறையில் தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் குழாயை நீ மறந்திருக்கமாட்டாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் முதலாளி ஆள் மூலம் ஒரு கட்டுக் காகிதம் அனுப்பினார். நம் ஆங்கிலம்-தமிழ் அகராதியின் இரண்டாம் பதிப்பு வருகிறதாம். வழக்கமாகப் பிழை திருத்துகிறவருக்குக் கண் ஆபரேஷன். கடைசி நூற்றிருபது பக்கத்தை நான் பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். வீட்டிலிருந்தபடி பிழை திருத்தித்தானே இத்தனை வருஷமாக என் காலம் ஓடுகிறது, அதனால் சரி என்றேன். முதல் பதிப்பு வந்தபோது 'என் அக்காவுக்கு' என்று கையெழுத்துப் போட்டு ஒன்று அனுப்பினாயே, அதை நான் பிரிக்கவே இல்லை. நாலு வருஷமாக அலமாரிக்கு மேலே உறையோடு கிடந்தது. நான் எழுதிச் சேர்த்த சொல் அட்டைகள் இல்லாத அகராதியைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள் பார். அன்றே பிரித்திருந்தால் நாலு வருஷம் முன்பே இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்கும்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தெரிந்தது மறந்துபோயிற்றோ என்று சந்தேகமாக இருக்கிறது. அகராதியைத் தொடங்கிய நம் ஆசிரியர் பெரியவர் நமக்கு எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்தபோது, டேக் என்ற அந்த ஆங்கில வினைச்சொல்லை என் தலையில் கட்டினார். பார்ப்பதற்குச் சின்னச் சொல். உள்ளே போனால் எழுபத்தொரு பொருள். பழைய அகராதிகள் எல்லாம் 'எடு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போயிருந்தன. நம் ஜனங்கள் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள், பஸ்ஸைப் பிடிக்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள், வலியைத் தாங்குகிறார்கள். எந்த வேலைக்கும் நேரம் ஆகிறது. அம்மாவின் சாயலில் இருக்கும் பெண் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். இவ்வளவுக்கும் அங்கே அந்த ஒரே சொல். ஒவ்வொரு பொருளுக்கும் இங்கே நிற்கிற சொல் எது, அதற்கு ஈடாக வேறென்ன சொல்லலாம் என்று மூன்று வருஷம் தேடினேன்.

பெரியவரின் சட்டமும் நினைவிருக்கும். காதால் கேட்காத வாக்கியத்தை எழுதக்கூடாது. அட்டையின் முன்பக்கம் பொருளும் வாக்கியமும். பின்பக்கம் யார் சொன்னது, எங்கே, என்றைக்கு. வாக்கியத்தை நாமே இட்டுக்கட்டினால் அது அகராதி இல்லை, கட்டுக்கதை என்பார். நாம் இரண்டு பேரும் பையில் வெற்று அட்டையோடுதான் ஊர் சுற்றினோம். பஸ்ஸில் பின்சீட்டுச் சண்டையை எழுதப்போய் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறோம்.

பிறகு என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போயிற்று. ஏழு மாதம் ஆஸ்பத்திரியே கதி. காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் கையில் எதைக் கொடுத்தாலும் வேலைச்சீட்டாகத்தானே ஆக்குவார்? வெறும் நோட்டு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மகளிடம் சைகை காட்டித் தன் கருவிப் பையிலிருந்து கம்பெனி வேலைச்சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். தாளுக்கு எண் உண்டு. மேலே தேதி, நேரம், யாருக்கு. அதற்குக் கீழே 'கோளாறு' என்று ஒரு கட்டம், 'செய்த வேலை' என்று ஒரு கட்டம். பேசவேண்டியதை எல்லாம் அதில் நிரப்பிக் கிழித்து நீட்டுவார். முதல் நாள் டாக்டருக்குக் கொடுத்த சீட்டில் கோளாறு: 'பசி.' செய்த வேலை: 'ஒன்றும் இல்லை.' டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

என் சொல் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தோடு ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்ட மனுஷன், எனக்காக அந்த ஒரு வினையை வைத்து ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். தெரியாததை வார்டு நர்ஸிடம் எழுதிக் காட்டிக் கேட்டுக்கொள்வார். காய்ச்சல் பார்த்தார்கள், படியில் ஏறாதே லிஃப்டில் போ, மகள் உன்னை உரித்து வைத்திருக்கிறாள், இந்த வலியைத் தாங்கிக்கொள்ளலாம் உன் முகத்தைத்தான் தாங்க முடியவில்லை. இப்படி நாற்பத்திரண்டு வாக்கியம் என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு வெள்ளைத் தாளையும் அட்டையில் ஒட்டி, தமிழில் பெயர்த்து எழுதி, பின்பக்கம் அவர் பெயரைப் போட்டேன். அதை எழுதும்போது மட்டும்தான் எனக்கு அழுகை நிற்கும்.

அட்டைகள் நாலு செருப்புப் பெட்டியில் என் வீட்டில் இருந்தன. ஒருநாள் மத்தியானம் நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். என்னை டாக்சியில் வீட்டுக்குக் கூட்டிவந்து, பால் காய்ச்சிக் கொடுத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தூங்குங்கக்கா என்றாய். மூன்று நாள் கண்மூடாதவள், இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். நீ இல்லை. சமையலறையில் குழாய் ஒழுகுகிறது, அட்டையெல்லாம் நனைந்துவிடும், பெட்டிகளை அலுவலகத்தில் பத்திரமாக வைக்கிறேன் என்று ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. இப்படி ஒருத்தி கிடைக்க என்ன பாக்கியம் செய்தேன் என்று நினைத்தேன். பதினோராம் நாள் அவர் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து மழை. உன் மேசைப் பக்கம் கூரை ஒழுகியது என்று வந்து நின்றாய். "எல்லாம் ஊறிக் கூழாப் போச்சுக்கா, வாரித்தான் போட்டேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாய். என் முந்தானையால் உன் கண்ணைத் துடைத்துவிட்டவள் நான். அட்டை போனால் போகட்டும், நீ சாப்பிட்டாயா என்று வேறு கேட்டேன். அடுத்த வாரமே வேலையை விட்டேன். அந்த வருஷமே பெரியவரும் கண்மூடினார். அகராதிக்கு நீயே ஆசிரியர் ஆனாய். கேட்க ஆளில்லை.

இப்போது முதலாளி அனுப்பிய கட்டில் என் சொல் இருக்கும் பக்கம் அறுநூற்றுப் பதினொன்றுக்கு வருகிறேன். உன் முன்னுரையையும் பிறகு படித்தேன். மழையில் அழிந்த அட்டைகளுக்குப் பதிலாக இந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் மூன்று வருஷம் உழைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் என் காதாலேயே கேட்டுத் தொகுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு தோட்டத்தையே மறைத்திருக்கிறாய்.

முதல் அரைப் பக்கம் பிழை பார்க்கிற கண்ணோடுதான் படித்தேன். 'உரித்து வைத்திருக்கிறாள்' என்ற இடத்தில் பென்சில் நின்றது. அதற்குக் கீழே லிஃப்ட். அதற்குக் கீழே வலியும் என் முகமும். எழுபத்தொரு பொருளும் நான் வைத்த வரிசையில், நான் போட்ட அரைப்புள்ளியோடு இருந்தன. ஒன்றில்தான் கை வைத்திருக்கிறாய். பிறர் பொருளைக் கொண்டுபோவது என்ற பொருளுக்கு நான் எட்டுச் சொல் எழுதியிருந்தேன். அச்சில் கைப்பற்று, பறி, கவர், அபகரி என்று நாலுதான் இருக்கிறது. திருடு, களவாடு, சுருட்டு, அமுக்கு நாலையும் காணோம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். நாலையும் சிவப்பு மையால் எழுதித் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கரிந்த வாடை வந்தபிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். திரும்பி வந்து மறுபடி எண்ணினேன். அவருடைய வாக்கியங்கள் நாற்பத்துமூன்று இருந்தன. நான் ஒட்டியது நாற்பத்திரண்டு. கூடுதலாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கூட்டிக்கொண்டு போ என்ற பொருளுக்குக் கீழே: 'அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. தூங்கட்டும்.'

பார்க்காத வாக்கியம், ஆனால் அது அவர் பேச்சு. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? அலமாரிக்குக் கீழே எட்டு வருஷமாகத் திறக்காமல் வைத்திருந்த கருவிப் பையை இழுத்தேன். ஸ்பேனர்களுக்கு நடுவே அந்த வேலைச்சீட்டுப் புத்தகம் கிடந்தது.

உனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் பத்திரமாக வைக்கிறேன் என்று கொண்டுபோயிருப்பாய். லிஃப்ட் கம்பெனியில் வேலைச்சீட்டு இரண்டு தாள். வெள்ளை, கட்டடத்துக்காரருக்கு. நடுவில் கார்பன். அடியில் இருக்கும் மஞ்சள், மெக்கானிக்கிடமே புத்தகத்தில் நிற்கும். நாளைக்கு யாராவது நீ வரவே இல்லை என்று சொன்னால் காட்டுவதற்கு. மனுஷன் சாகக் கிடந்தபோதும் கார்பன் வைக்க மறக்கவில்லை. நாற்பத்துமூன்றும் அவர் கையெழுத்தில், தேதியோடு, நேரத்தோடு இருக்கின்றன.

எண்பத்தொன்றாம் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பார். நேரம்: மத்தியானம் ஒன்றே கால். யாருக்கு: எதிர்மேசை. கோளாறு: 'மனைவி மூன்று நாளாகத் தூங்கவில்லை.' செய்த வேலை என்ற கட்டத்தில்தான் அந்த ஆங்கில வாக்கியம். உன் கையில் கொடுத்திருக்கிறார். நீ படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டு, சொன்னபடியே என்னைக் கூட்டிவந்து தூங்கவைத்தாய். பிறகு அந்தத் தாளும் பெட்டிக்குள் போயிருக்கிறது. வருஷக்கணக்கில் கழித்து, அட்டைகளைப் பார்த்து அச்சுக்குக் கொடுத்தபோது அதையும் சேர்த்துவிட்டாய். உன்னை நம்பி ஒரு ஊமை மனுஷன் எழுதியது அது என்று அப்போது நினைவு வந்ததா, இல்லையா? இரண்டில் எது கேவலம் என்று யோசித்து யோசித்து எனக்கு முடிவு தெரியவில்லை.

எண்பத்திரண்டாம் தாளில் நேரம் மூன்று மணி. யாருக்கு என்ற இடம் காலி. கோளாறு: 'இல்லை.' செய்த வேலை: 'இந்நேரம் தூங்கியிருப்பாள்.' அதைத் தமிழில்தான் எழுதியிருந்தார். அந்த மூன்று மணிக்கு நீ என் வீட்டில் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாய். என் உழைப்பை மட்டும் கொண்டுபோயிருந்தால் நாலு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். அவர் நிம்மதியாக இருந்த ஒரு மத்தியானத்தை நீ உன் வசதிக்கு வைத்துக்கொண்டாய். அதை விட்டுவிட என்னால் முடியாது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். ஒவ்வொரு மஞ்சள் தாளாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, கேஸ் போடலாம், அந்தம்மா பெயரை நூலின் மேலட்டையிலிருந்தே தூக்கிவிடலாம், உங்கள் பெயரைப் போடலாம் என்று வரிசையாகச் சொல்லி, "நீங்க சொல்லுங்கம்மா, எது வேணும்னாலும் செய்யறேன்" என்றார். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

மகளிடம் சொன்னேன். அவள் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "விட்டுடும்மா, அப்பா இருந்தா விட்டுடுன்னுதான் சொல்லியிருப்பார்" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அவர் விட்டிருப்பார். அவர் எதற்கும் கோபப்படாத மனுஷன். அந்தக் கோபத்தையும் சேர்த்து நான் பட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் முடிவைக் கேள். கேஸ் வேண்டாம் என்றேன். உன் பெயரை எடுக்கவேண்டாம் என்று சொன்னதும் நான்தான். மற்ற எழுத்துகளில் உன் உழைப்பு இருக்கிறது, அதை நான் எடுக்கமாட்டேன். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. பெயரை எடுத்துவிட்டால் உனக்கும் சௌகரியம். இரண்டு வருஷத்தில் ஊர் மறந்துவிடும், நீயும் மறந்துவிடுவாய். மறப்பதில் நீ கெட்டிக்காரி. அதனால் மேலட்டையில் நீ இரு. உள்ளே, பக்கம் அறுநூற்றுப் பதினொன்றில், பெரியவரின் சட்டப்படி அட்டையின் பின்பக்கத்தை அச்சிடுகிறோம். நாற்பத்துமூன்று வாக்கியத்துக்கும் கீழே சின்ன எழுத்தில் அவருடைய பெயர், லிஃப்ட் மெக்கானிக், குரல் போனபின் எழுதியது, தேதி. எண்பத்தொன்றாம் தாளின் வாக்கியத்துக்குக் கீழே மட்டும் ஒரு வரி கூடுதல்: இந்த அகராதியின் ஆசிரியரிடம் நேரில் கொடுத்தது, தொகுத்தவர் தூங்கியபோது அட்டைகள் அவர் வீட்டிலிருந்து போயின. முதலாளியின் வக்கீல் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, நடந்ததைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றார்.

முதலாளி தன் கௌரவத்துக்காக உன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்புகிறார். நான் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. முகவரியில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன். உன் துறை மாணவர்களுக்கென்று அறுபது பிரதி ஏற்கெனவே கேட்டிருக்கிறார்களாமே. பாடம் நடத்தும்போது அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போக முடியாது. அவ்வளவு சாதாரணச் சொல் அது. அறுபது பேரில் ஒரு பெண்ணாவது சின்ன எழுத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து உன்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் நான் இவ்வளவும் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

இன்று காலை பக்கங்கள் அச்சுக்குப் போய்விட்டன. இனி நீ போன் செய்தாலும் அழுதாலும் நடக்கப்போவது ஒன்றுமில்லை. முந்தானை வேறு பழசாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. எழுதவேண்டாம் என்று இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன். மஞ்சள் தாளில் இருப்பது கார்பன். தொட்டால் கையில் ஒட்டுகிறது, வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டு வருகிறது. அவருடைய பேனா பட்டது வெள்ளைத் தாளில்தான். அவர் அழுத்தி எழுதுவார், பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும். அந்த நாற்பத்துமூன்று தாளும் உன்னிடம் எங்கேயாவது இருந்தால் அனுப்பி வை. அனுப்பினால் மனசு மாறிவிடுவேன் என்று எண்ணாதே, ஒரு எழுத்துகூட மாறாது. எரித்திருந்தால் அதை எனக்குச் சொல்லாதே. இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் எழுது. உனக்குப் பொய் எழுத வரும்தானே.

உன்னை நான் சபிக்கமாட்டேன். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். கண் கடைசிவரை தெளிவாக இருக்கவேண்டும். அந்த அகராதி மூன்றாம் பதிப்பு, நாலாம் பதிப்பு, பத்தாம் பதிப்பு காணவேண்டும், ஒவ்வொன்றும் உன் கைக்கு வரவேண்டும், ஒவ்வொன்றிலும் நீ அந்தப் பக்கத்தைப் புரட்டவேண்டும். உன் அறைக்குள் யாராவது வந்து, களைத்திருக்கிறீர்கள், வாருங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அன்பாகச் சொன்னால் நம்பிப் போ. படுத்துக்கொள். தூக்கம் வருகிறதா என்று பார்.

இப்படிக்கு,
உன்னை நம்பித் தூங்கிய
அக்கா